தரையில் ஆணி அடிக்காத சுவர்

பிப்ரவரி 4 – பழைய மரச்சட்டம், ஒட்டுப்பலகை: 2,150
பிப்ரவரி 11 – சக்கரம், கீல்: 840
பிப்ரவரி 20 – துணிக்கொடிக் கம்பி, கொக்கி: 265
மார்ச் 2 – அனுமதி விண்ணப்பக் கட்டணம்: 500
மார்ச் 9 – பச்சை பெயின்ட்: 310
மார்ச் 10 – மணல், ஆறு மூட்டை: 90

இதில் ஆகக் குறைந்த செலவு மணலுக்குத்தான். அதைத்தான் இந்தக் கணக்கை எழுதிய செட்டுக்காரர் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "வெறும் தொண்ணூறுல ஒரு சுவரையே நிறுத்திட்டேன்" என்று பால் வாங்கப் போன இடத்தில்கூடச் சொன்னார்.

செட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். ஒரு பெரிய நாடக அரங்கில் முப்பது வருஷம் மேடைத் தச்சராக இருந்தவர். அரண்மனை, காடு, நீதிமன்றம், கப்பலின் மேல்தளம், எதைக் கேட்டாலும் சட்டம் கோத்து, பலகை அடித்து, வர்ணம் பூசி நிறுத்திவிடுவார். முழங்கால் மக்கர் பண்ணி ஏணி ஏற முடியாமல் போனதும் விலகிக்கொண்டார். அரங்கு இப்போதும் நன்றாகத்தான் நடக்கிறது. அவர் இடத்தில் வேறு ஆள் இருக்கிறார், கெட்டிக்கார ஆள். அதில் இவருக்கு ஒரு குறையும் இல்லை. பெண்டாட்டி உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்பதுதான் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

மனைவி, வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்பவள். இரண்டு பிள்ளைகளோடு தொடங்கியது, நாலாகி, எட்டாகிவிட்டது. எட்டுக்கும் அவள் பெரியம்மா, அவர் பெரியப்பா. அந்த வருஷம் புதிதாக ஒரு விதி வந்தது. ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள அனுமதி வாங்க வேண்டும். அனுமதிக்கு, விளையாட ஒரு திறந்தவெளி வேண்டும். அங்கே பிள்ளைகள் கைக்கு எட்டுகிற மாதிரி கருவியோ எண்ணெயோ கொதிநீரோ இருக்கக்கூடாது. மே மாதம் பிறப்பதற்குள் அனுமதி கிடைக்காவிட்டால் மூன்று பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும். மூன்று பேரை அனுப்பினால் இந்த வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாது.

திறந்தவெளி இருந்தது. வீட்டின் பின்னால் பதினாறு அடிக்குப் பதினோரு அடி கொல்லைப்புறம், சிமெண்ட் தரை, சந்துப் பக்கம் ஒரு கதவு. ஆனால் அந்த இடத்துக்கு ஏற்கெனவே இரண்டு பாத்தியதை. காலையில் துணி காயும். மாலையில் மனைவியின் தம்பி ஸ்கூட்டர் பழுது பார்ப்பான். ஸ்பானர்கள், ஆயில் டப்பா, குடலை உருவிப் போட்ட மாதிரி எஞ்சின் பாகங்கள், எல்லாம் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கிடக்கும். வாடகையில் பாதி அவன் கொடுப்பதால் அந்த மூலையை யாரும் அசைக்க முடியாது.

"உன் கடையை வேற எங்கயாவது வச்சுக்கக் கூடாதாடா?" என்று அக்கா கேட்டாள்.

"தாராளமா வச்சுக்கலாம்க்கா. அட்வான்ஸ் மட்டும் நீ குடு."

செட்டுக்காரர் கொல்லை வாசலில் நின்று இடத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஒரே மேடை, மூணு காட்சி. இதுக்குப் போய் அக்காவும் தம்பியும் மல்லுக்கு நிக்கிறீங்க. அரண்மனையைக் காடாக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? விளக்கு அணைஞ்சு எரியணும், அவ்வளவுதான்."

"மாமா, அங்க ராஜா பொய். இங்க ஸ்கூட்டர் நிஜம்."

"நீ வாயை மூடிக்கிட்டுப் பாரு."

ஒரு மாதம் அவர் தரையில் கால் பாவவில்லை. துணிக்கொடிகளைக் கப்பியில் கோத்தார். பிள்ளைகள் வரும் நேரம் கயிற்றை இழுத்தால் துணியெல்லாம் தலைக்கு மேலே போய்விடும். மதிலோடு ஒட்டி மடங்கும் பெஞ்சு செய்தார். எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக அந்தச் சுவர். நாலு பலகைத் தட்டிகளைக் கீல் போட்டு இணைத்து, அடியில் சக்கரம் வைத்தது. ஏழடி உயரம். பகலில் வளைந்து வளைந்து குறுக்கே நின்று மச்சினனின் மூலையை மறைக்கும். மாலையில் மடக்கி உருட்டி ஓரம் கட்டிவிடலாம். பிள்ளைகள் பக்கம் பச்சை வர்ணம். ஒரு தட்டியில் சின்ன ஜன்னல் வெட்டி அதற்கு ஒரு மூடியும் வைத்தார். அது பிள்ளைகளின் கடை. கூழாங்கல்லை நிறுத்து விற்பார்கள்.

சுவரை நிறுத்தும் வித்தைக்குத்தான் மணல். தட்டிக்குப் பின்னால் சாய்வாக ஒரு முட்டு, முட்டின் காலில் ஒரு மணல் மூட்டை. மேடையில் அப்படித்தான். மேடைத் தரையில் ஆணி அடிப்பவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த காட்சியில் வெறுங்காலோடு ஆடிக்கொண்டு வருபவர்கள் இருப்பார்கள் அல்லவா? தொழிலில் சேர்ந்த முதல் நாள் அவர் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

மச்சினன் முட்டுக்கட்டையைக் காலால் தட்டிப் பார்த்தான். "தரையில நாலு துளை போட்டு போல்ட் முடுக்கிடலாமே மாமா. ட்ரில் என்கிட்டயே இருக்கு."

"உன் ட்ரில்லை உன் ஸ்கூட்டர்ல வச்சுக்க. நான் நிறுத்தின கப்பல் மூணு மாசம் ஒரு அங்குலம் நகரலை."

"நகராத கப்பலை வச்சு என்ன மாமா பண்ணாங்க?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 18 அன்று ஆய்வுக்கு வந்த அம்மாள் சிரிக்காதவர். கையில் அளவு நாடா. தண்ணீர் கொடுத்தால்கூட வேண்டாம் என்றார். செட்டுக்காரர் கயிற்றை இழுத்தார், பெஞ்சை மடக்கினார், சுவரை விரித்தார். நிமிஷத்தில் துணி காயும் கொல்லை விளையாட்டு மைதானமானது. அந்த அம்மாள் கீல் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். சுவரை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார். அது மலை மாதிரி நின்றது.

"இது தற்காலிக அனுமதி. ஆறு வாரம் பார்த்துட்டு நிரந்தரமாக்கலாம். நடுவுல சின்னதா ஏதாவது நடந்தாக்கூட எனக்குத் தெரியப்படுத்தணும்."

அன்றைக்கு இலைகூட அசையவில்லை. அதனால் காற்றடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. அரங்குக்குள் காற்று கிடையாது. முப்பது வருஷமும் அவர் கட்டிய அரண்மனைகளும் கப்பல்களும் காற்றே இல்லாத உலகத்தில் நின்றவை. காற்று என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாதது அல்ல. சுவர் கட்டும்போது அது அவர் புத்தியில் வரவே இல்லை.

ஏப்ரல் 8, பிற்பகல். அன்று துவைத்தது அதிகம். கொடியில் இடம் போதாமல் மனைவி இரண்டு படுக்கை விரிப்புகளைச் சுவரின் தலையில் போட்டிருந்தாள். செட்டுக்காரர் பார்த்தார், தடுக்கவில்லை. சுவருக்கு இன்னொரு உபயோகமும் கிடைத்ததே என்று உள்ளூரக் குளிர்ந்துபோனார். மச்சினன் உதிரிபாகம் வாங்கப் போயிருந்தான். மனைவி ஆகச் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மற்ற ஏழும் வெளியே, அவர் பொறுப்பில்.

சந்துக் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. ஒரு வாய் புழுதி உள்ளே வந்தது. அடுத்த வீச்சில் இரண்டு விரிப்புகளும் காற்றைக் குடித்து வயிறு உப்பின. சுவர் முனகியது. செட்டுக்காரர் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். முட்டின் கால் மூட்டையையும் தூக்கிக்கொண்டு தரையை விட்டு எழும்பி, திரும்ப அமர்ந்தது.

சுவர் சாய்ந்தால் பிள்ளைகள் பக்கம்தான் சாயும்.

முழங்காலை மறந்து பாய்ந்தார். சுவரில் முதுகைக் கொடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி நின்றார். அடுத்த வீச்சு முதுகெலும்பில் இறங்கியது.

"உள்ள போங்க! எல்லாரும் உள்ள ஓடுங்க!"

பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். முகத்தைக் கோணிக்கொண்டு பெரியப்பா இப்படி நின்று அவர்கள் பார்த்ததில்லை.

"பெரியப்பா செவுரா ஆயிட்டாரு!" என்று ஒன்று கூவியது.

"நானும் செவுரு!"

ஓடவில்லை. அவரை நோக்கி வந்தார்கள். ஒன்று அவர் இடது காலைக் கட்டிக்கொண்டு தள்ளியது. இரண்டு பேர் பக்கத்தில் வந்து முதுகைக் கொடுத்து நின்றார்கள். "ஏலே... தள்ளு!" என்று அவர்களே தாளம் போட்டுக்கொண்டார்கள். அவர் கத்தக் கத்த அவர்களுக்குக் கொண்டாட்டம். கையை எடுத்து ஒருவனைத் தள்ளிவிடக்கூட முடியவில்லை. எடுத்தால் எல்லார் மேலும் விழும்.

சத்தம் கேட்டு மனைவி கொல்லை வாசலுக்கு வந்தாள். அவர் முகத்தையும் சுவரின் சாய்வையும் ஒருதரம் பார்த்தாள். கத்தவில்லை. குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல், "பால் ரெடி! முதல்ல வர்றவங்களுக்குப் பெரிய டம்ளர்!" என்றாள்.

காலைக் கட்டியிருந்தது முதலில் ஓடியது. மற்றவர்கள் இடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். அவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு உள்ளே விட்டாள். ஆறு. இடுப்பில் ஒன்று.

"ஏங்க, வண்டு எங்க?"

நாலு வயசுப் பையன். எந்தப் பொந்து கிடைத்தாலும் புகுந்துகொள்வதால் அந்தப் பெயர். செட்டுக்காரரின் தொடைக்குப் பக்கத்தில், தட்டிகள் மடங்கும் இடுக்கிலிருந்து குரல் வந்தது. "கடை மூடியாச்சு. நாளைக்கு வாங்க."

கடை ஜன்னலுக்கு நேர் கீழே குந்தியிருந்தான்.

மனைவி இடுப்புப் பிள்ளையை உள்ளே இறக்கி, கதவைச் சாத்திவிட்டு, தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தாள். அவர் தோளில் பலகை கீச்சென்றது. "சீக்கிரம்" என்றார். குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றினார். அவள் கையை நீட்டிப் பையனின் கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். "கடைக்குள்ள கால் வைக்கக் கூடாது பெரியம்மா!" என்று அவன் அலறியது கடைசிவரை கேட்டது.

இப்போது அவர் மட்டும். விட்டால் விழும், விடாவிட்டால் முழங்கால் விட்டுவிடும். அப்போதுதான் மச்சினன் சந்துக் கதவு வழியே வந்தான். பின்பக்கத்திலிருந்து முட்டுக்கட்டையைக் கட்டிப்பிடித்தான்.

"விடுங்க மாமா, நான் பிடிச்சிருக்கேன்!"

"உன்னால ஆகாதுடா."

"விடுங்கன்னா விடுங்க! ஓடுங்க!"

அவர் பாய்ந்தார். சுவர் மச்சினனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்து குப்புற விழுந்தது. பலகை விளிம்பு செட்டுக்காரரின் தோளைச் சீவிவிட்டுப் போனது. கடை ஜன்னலின் சட்டம் உடைந்து, வண்டு குந்தியிருந்த இடத்தில் சில்லுச் சில்லாகக் கிடந்தது.

கொல்லைக் கதவைத் திறந்து, பால் மீசையோடு ஆறு முகங்கள் எட்டிப் பார்த்தன.

தாய்மார்கள் வர ஒரு மணி நேரம் இருந்தது. மச்சினன் சிராய்ந்த முழங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. தூக்கி நிறுத்தி போல்ட் போட்டுடுவோம். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சுடும்" என்றான். செட்டுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு பக்கம் பிடித்தார்.

இருவரும் தூக்கிக்கொண்டிருக்கும்போதே மனைவி தெரு வாசலுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தாயிடமும் அவளே சொன்னாள். "இன்னிக்குக் காத்துல எங்க சுவர் விழுந்துச்சு. பிள்ளைங்க மேல படலை. படவேண்டியது, தப்பிச்சுது." வண்டுவின் அம்மா நர்ஸ். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

"இவன் எங்க இருந்தான்?"

மனைவி அழைத்துப் போய் இடத்தைக் காட்டினாள். நர்ஸ் குனிந்து ஒரு சில்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். பையனைத் தூக்கிக்கொண்டு போனாள். "நாளைக்குக் கடை இருக்கு" என்று அவன் தோளுக்கு மேலாக அழுதுகொண்டே போனான்.

செட்டுக்காரருக்கு அடக்க முடியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"எட்டுல ஆறு, வாய் ஓயாத உருப்படி. அதுங்க வீட்டுக்குப் போய் முதல்ல எதைச் சொல்லும்னு நினைச்சீங்க? அதுங்க வாயால கேக்கறதுக்கு முந்தி என் வாயால கேக்கட்டும்." அடுப்பைத் துடைத்தபடியே சொன்னாள்: "அந்த ஆபீசர் அம்மாவுக்கும் போன் பண்ணிட்டேன்."

"அப்ப எல்லாம் போச்சு."

"போகலாம். போகாமலும் இருக்கலாம்."

மறுநாள் நாலு பிள்ளைகள்தான் வந்தார்கள். ஆய்வு அம்மாளும் வந்தார். தற்காலிக அனுமதியை நிறுத்திவைத்தார். "இன்னும் ஒரு தடவை வந்து பார்ப்பேன். அப்பவும் திருப்தி இல்லைன்னா இதோட சரி." போகிறபோது செட்டுக்காரரிடம் திரும்பினார். "காத்தை யோசிக்கவே இல்லையா?"

"இல்லீங்க. நான் வேலை பார்த்த இடத்துல காத்து இல்லீங்க."

அந்த அம்மாள் அளவு நாடாவிலிருந்து முதன்முறையாகக் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

அதற்கப்புறம் செட்டுக்காரர் கிழிந்த விரிப்பிலிருந்து துண்டுத் துண்டாக நாடா கிழித்தார். மதிலில், கதவில், துணிக்கம்பத்தில், முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலை உயரம் என்று கட்டிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சந்துக் காற்று கதவிடுக்கில் நுழைந்து, மூலையில் முட்டித் திரும்பி, அவர் சுவர் நின்ற கோட்டில்தான் வேகம் எடுத்தது. மேலே போகப் போக நாடாக்கள் விறைத்துப் படபடத்தன. இடுப்புக்குக் கீழே சோம்பலாக ஆடின. இரண்டு நாள் அதையே பார்த்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் "இரு" என்றார்.

மூன்றாம் நாள் மச்சினனிடம் போனார். "ட்ரில்லை எடு."

"என்ன மாமா சொன்னீங்க? சரியாக் காதுல விழலை."

"விழுந்துச்சுடா. எடு."

தரையில் வட்டம் வரைந்து, ட்ரில்லை அதன்மேல் ஊன்றினார். விசையை அழுத்த விரல் வரவில்லை. கிண்டலாக ஏதோ சொல்ல வந்த மச்சினன், குனிந்து வட்டத்தின் மேலிருந்த புழுதியை ஊதிவிட்டான். அப்புறம் அவரே அழுத்தினார். சிமெண்ட் அலறிக்கொண்டு உடைந்தது.

ஒன்றரை அடி ஆழத்துக்கு ஐந்து குழி. ஒவ்வொன்றிலும் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட். குழாய்க்குள் கம்பத்தைச் செருகி, குறுக்கே ஓர் இரும்பு ஊசியை மாட்டிவிட்டால் இரண்டு ஆள் இழுத்தாலும் வராது. மாலையில் ஊசியை உருவித் தூக்கிவிடலாம். பலகைக்குப் பதில் கம்பி வலை, நாலடி உயரம், காற்று வந்த வழியே போகும். அதில் ஒரு கைக்குட்டையைக்கூடப் போடக்கூடாது என்று மனைவி சட்டம் போட்டாள். வலைக்கு அந்தப் பக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதால், கருவிகளைப் பூட்ட மதிலோடு போல்ட் முடுக்கிய அலமாரி வேண்டியிருந்தது. பச்சைச் சுவரை அறுத்துத்தான் அலமாரி செய்தார். அவ்வப்போது பகலிலும் பார்த்த ஸ்கூட்டர் வேலை இனிக் கூடாது என்பதை மச்சினன் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். "நாலு வாடிக்கை போகும். போகட்டும்."

ஏப்ரல் 27 அன்று ஆய்வு அம்மாள் வந்தார். இந்தத் தடவை உள்ளங்கையோடு நிற்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வலையை இரு கையாலும் பிடித்துத் தொங்கினார். பிறகு வாசலில் நின்ற தன் டிரைவரைக் கூப்பிட்டார். நல்ல பாரமான ஆள். "சாயுங்க" என்றார். டிரைவர் தயங்கிச் சாய்ந்தார். "முழுசாச் சாயுங்க." மச்சினனையும் சேர்ந்து சாயச் சொன்னார். கம்பங்கள் முனகவில்லை. மனைவி பிள்ளைகளை அணைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றாள். செட்டுக்காரர் கம்பத்தைப் பார்க்காமல் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"கடிதம் வரும்."

வந்தது. ஆனால் அது முடிவு அல்ல. குழியின் ஆழத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். மூடின குழியின் ஆழத்தை யார் காட்டுவது? மச்சினன் அலுவலகத்தைத் திட்டித் தீர்த்தான். செட்டுக்காரர் சம்மட்டியை எடுத்து, ஓரக் கம்பத்தின் பக்கத்தில் தரையை உடைத்துத் தோண்டி, கான்கிரீட்டின் அடிப்பாகம் வரை தெரியவைத்தார். அதில் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, திரும்ப மூடிப் பூசினார்.

மே மாதம் பிறந்தது. அனுமதி இல்லாமல் ஐந்து பேர் வரை வைத்துக்கொள்ளலாம். இருந்தது நாலு. வாடகைக்கு வீட்டுக்காரர் இரண்டு தடவை ஆள் விட்டார். மச்சினன் வேறு அறை பார்த்து வைத்திருப்பதாக ஒரு பேச்சு வந்தது. யாரும் அதைக் கிளறவில்லை. தபால்காரரின் மணி கேட்டால் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்வார்கள்.

ஒரு மாலை நர்ஸ் வந்தாள், பையன் இல்லாமல். நேரே கொல்லைக்குப் போய் வலையைப் பிடித்து உலுக்கினாள். மூச்சு வாங்கும்வரை உலுக்கினாள். செட்டுக்காரர் தள்ளி நின்றார்.

"தினமும் 'கடை எப்பத் திறக்கும்'னு கேட்டு உயிரை எடுக்கறான்" என்றாள். பிறகு மனைவியிடம், "அன்னிக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்த வாசலை மிதிச்சிருக்க மாட்டேன். கடிதம் வந்தா சொல்லுங்க. வராம அனுப்ப மாட்டேன்."

அவள் போனதும் செட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவரும் போய் மறுமுனையைப் பிடித்து மடிக்க உதவினார்.

கடைசியில் கடிதம் வந்தது. ஏழு பிள்ளைகளுக்கு நிரந்தர அனுமதி. எட்டுக்கு இடம் போதாது. வலை, கம்பம், அலமாரி எதையும் கேட்காமல் மாற்றக்கூடாது. மனைவி ஒருமுறை மனசுக்குள் படித்து, அப்புறம் இருவருக்கும் உரக்கப் படித்துவிட்டு, நர்ஸுக்குப் போன் போட்டாள். செட்டுக்காரர் கடிதத்தை வாங்கி, உறையின் மேல் அன்றைய தேதியை எழுதினார்: மே 23.